மிதக்கும் மனிதரும் படுத்திருக்கும் மனிதரும்

விண்வெளிப் பயணம் பற்றித் தமிழில் எழுதப்படுவதற்குக் குறைவே இல்லை. 1984-ல் ராகேஷ் சர்மா சல்யூட்-7 சுற்றுக்கலத்திற்குச் சென்று வந்தபோது பக்கம் பக்கமாக எழுதினோம். 2025-ல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கித் திரும்பியபோதும் எழுதினோம். விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் நடக்கும் அறிவியல் கண்காட்சிகளிலும் விண்வெளிக்கு ஒரு மேசை உண்டு. தலைகீழாக மிதந்துகொண்டு, காற்றில் உருண்டு வரும் நீர்த்துளியை வாயால் கவ்வும் வீரரின் படம் அங்கே இருக்கும். பார்ப்பவர் வியக்கிறார், அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்.

வியப்பதில் தவறில்லை. ஆனால் எடையின்மை மனித உடலை என்ன செய்கிறது என்னும் ஆராய்ச்சி சுற்றுக்கலங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதில் நம் ஊர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதை நம் எழுத்தும் பேச்சும் மக்களிடம் கொண்டு சேர்க்கவில்லை. காரணத்தைத் தவறாகச் சொல்கிறோம். விளைவைப் பரபரப்பாகச் சொல்கிறோம். ஒருவரிடம் கண்டதை எல்லோருக்கும் உரியதாகச் சொல்கிறோம். கடைசியில் அதை வீட்டுக்குக் கொண்டுவர மறந்துவிடுகிறோம். இந்நான்கு குறைகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

எடை எங்கே போயிற்று?

"விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, ஆகவே வீரர்கள் மிதக்கிறார்கள்" என்று மேடைகளில் பேசப்படுகிறது, கண்காட்சி அட்டைகளிலும் எழுதப்படுகிறது. இது பிழை. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த உயரத்திலும் இருக்கிறது. ஈர்ப்பே இல்லையென்றால் நிலையம் பூமியைச் சுற்றி வராது. நேர்கோட்டில் எங்கோ போய்விடும்.

உண்மைக் காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு தோட்டக் கிணறு போதும். கோடை விடுமுறையில் ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் குதித்து நீந்தும் சிறுவர்களைப் பாருங்கள். கிணற்று விளிம்புக்கு ஐந்து மீட்டர் கீழே தண்ணீர் இருந்தால், குதித்த சிறுவன் அதைத் தொட ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி அவன் தன் எடையை உணர்வதில்லை. ஈர்ப்பு அவனைக் கைவிட்டுவிடவில்லை. அதுதான் அவனைக் கீழே இழுக்கிறது. அவனைத் தாங்குவதற்குக் காலடியில் ஒன்றும் இல்லை, அவ்வளவே. நாம் எடை என்று உணர்வது, தரையோ நாற்காலியோ நம்மைத் தாங்கி மேலே தள்ளும் விசையைத்தான். தாங்கல் போனால் எடை உணர்வும் போய்விடும்.

சுற்றுக்கலமும் இப்படித்தான் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு நொடியில் அது நாலேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே விழுகிறது. ஆனால் அதே நொடியில் 7.7 கிலோமீட்டர் முன்னால் ஓடிவிடுகிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடக்க அதற்கு இரண்டு நொடிகூட வேண்டாம். உருண்டையான பூமியும் அதற்கேற்ப வளைந்துகொண்டே போவதால், எவ்வளவு விழுந்தாலும் கலத்தின் உயரம் குறைவதில்லை. சிறுவனுக்கு ஒரு நொடி கிடைத்த நிலை, உள்ளே இருப்பவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இதை ஏதோ சொற்பிழை என்று தள்ளிவிட முடியாது. ஈர்ப்பு இல்லை என்று சொன்னால், வீரரின் உடலில் நேரும் மாறுதல்கள் விண்வெளிக்கு மட்டும் உரிய விந்தையாகிவிடும். உடல் தன் பாரத்தைத் தானே சுமப்பது நின்றுபோயிற்று என்று சொன்னாலோ, அடுத்த கேள்வி தானாகவே எழும்: பூமியிலேயே தன் பாரத்தைச் சுமக்காமல் கிடக்கும் உடல் எது?

சுமை நீங்கிய உடல்

அதற்கு முன் சுற்றுக்கலத்தில் நடப்பதைப் பார்ப்போம். நம் நூற்பாலைகளில் ஒரு ஷிப்டு முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு மாலையில் பாதம் கனத்து வீங்குவதுண்டு. இரத்தமும் பிற நீர்மங்களும் ஈர்ப்பினால் கால்களில் தேங்குவதே அதற்குக் காரணம். எடையற்ற நிலையில் இது தலைகீழாகிறது. ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர்மம் கால்களிலிருந்து மார்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. முகம் உப்புகிறது, மூக்கடைக்கிறது, கால்கள் மெலிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டதாகக் கொண்டு உடல் அதைக் குறைத்துக்கொள்கிறது. நாளடைவில் இரத்தத்தின் அளவும் குறைகிறது. தலைக்கு இரத்தத்தை ஏற்றும் கடும்பணி இல்லாததால் இதயத்தின் ஆற்றலும் தளர்கிறது. தரைக்குத் திரும்பி எழுந்து நின்றவுடன் இரத்தம் கால்களுக்கு இறங்க, தலை சுற்றி மயக்கம் வருகிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியைக் காலில் இறுகச் சுற்றினால் என்ன பயனோ, அதே பயனுக்காக ரஷ்ய வீரர்கள் திரும்பும்போது இடுப்பையும் கால்களையும் இறுக்கும் உடை அணிகிறார்கள்.

எலும்பின் கதை இதைவிடக் கடுமையானது. எலும்பு செத்த பொருளன்று. அதைக் கரைக்கும் உயிரணுக்களும் கட்டும் உயிரணுக்களும் இடைவிடாது வேலை செய்கின்றன. நடக்கும்போதும் சுமக்கும்போதும் விழும் பளுவே, கட்டும் உயிரணுக்களுக்கு வேலை ஏவுகிறது. பளு இல்லையென்றால் கரைப்பு மேலோங்கும். தக்க பயிற்சி இல்லாத வீரருக்கு இடுப்பெலும்பில் மாதத்திற்கு நூற்றில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை எலும்புப் பொருள் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் ஓராண்டில் இழக்கும் அளவுக்கு ஏறத்தாழச் சமம் இது. நம்மை நிமிர்த்தி நிறுத்தும் கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகளும், உழவில்லாமல் கட்டுத்தறியில் நின்ற மாட்டைப் போலச் சோர்ந்துவிடுகின்றன.

இவை எப்படித் தெரியவந்தன? 1970 ஜூனில் சோயுஸ்-9 கலத்தில் நிக்கோலயேவும் செவஸ்தியானவும் 18 நாள் சுற்றினார்கள். இடம் நெருக்கடி, உடற்பயிற்சி போதாது. திரும்பி வந்தபோது அவர்களால் நிலையாக நிற்க முடியவில்லை. தேறப் பல நாள் ஆயிற்று. 1973-ல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் ஆய்வுக்கூடத்தில் மூன்று குழுக்கள் 28, 59, 84 நாள் தங்கின. உண்டதும் கழித்ததும் அளந்து குறிக்கப்பட்டன. தராசு அங்கே பயன்படாது. ஆகவே வில்சுருளில் ஆடும் நாற்காலியில் வீரரை உட்காரவைத்து, அது எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்று கண்டு உடலின் நிறையைக் கணக்கிட்டார்கள். சிறுநீரில் கால்சியம் மிகுந்திருப்பதும் தெரிந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி நேரம் கூட்டப்பட்டது. மிக நீண்ட நாள் தங்கிய மூன்றாம் குழுவே கால்வலுவை மிகக் குறைவாக இழந்தது. 1994 ஜனவரியில் மிர் நிலையத்திற்குச் சென்ற வலேரி பொல்யகோவ் என்னும் மருத்துவர் 437 நாள் தங்கி 1995 மார்ச்சில் திரும்பினார். நாள்தோறும் பயிற்சி செய்த அவர், கலத்திலிருந்து இறங்கி அருகிலிருந்த நாற்காலிக்கு நடந்தே போனார்.

18 நாள் போனவர் நிற்கத் தடுமாறினார்; 437 நாள் இருந்தவர் நடந்தார். எத்தனை நாள் என்பதைவிட, அந்நாட்களில் உடலுக்கு எவ்வளவு வேலை கொடுக்கப்பட்டது என்பதே பெரிது என்று இது காட்டுகிறது. பன்னாட்டு நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்குமேல் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். ஓடுபொறியோடு, பளு தூக்குவதற்கு ஈடான விசை தரும் கருவியும் 2008 முதல் அங்கே இருக்கிறது. இந்த உழைப்பைப் படமாக வரைந்து மாட்டிய கண்காட்சி மேசை அரிது. நீர்த்துளிப் படம் எல்லா இடத்திலும் உண்டு.

இரண்டு பரபரப்புகள்

இரண்டாம் குறைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் இரண்டைச் சொல்லலாம். ஸ்காட் கெல்லி என்னும் அமெரிக்க வீரர் 2015-16-ல் 340 நாள் விண்வெளியில் இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் கெல்லி தரையில் இருந்தார். இருவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2018-ல் "விண்வெளி சென்றவரின் டி.என்.ஏ. நூற்றுக்கு ஏழு பங்கு மாறிவிட்டது; அவர் இனி இரட்டையர் அல்லர்" என்று உலகெங்கும் செய்தி பரவியது. அப்படி மாறியிருந்தால் அவர் மனிதராகவே இருக்க முடியாது. மாறியது மரபணுக்கள் அல்ல. அவை செயல்படும் அளவே. வீட்டில் எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பது மாறுவது வேறு. கம்பி இணைப்பே மாறிவிடுவது வேறு. 2019-ல் வெளியான முழு ஆய்வின்படி, அந்த மாறுதல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், திரும்பிய ஆறு மாதத்திற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. நாசா மறுப்புக் கூறியது. ஆனால் பரபரப்பு போன தூரம் மறுப்பு போகவில்லை.

அடுத்தது சுனிதா வில்லியம்ஸ் பற்றியது. 2024 ஜூன் 5-ல் ஏறத்தாழ எட்டு நாள் பயணமாகக் கிளம்பியவர், ஊர்தியின் கோளாறால் 286 நாள் கழித்து 2025 மார்ச் 18-ல் திரும்பினார். இடையில் ஒரு படத்தில் கன்னம் ஒட்டித் தெரிந்ததால் அவர் உடல் மெலிந்து நலிகிறார் என்று பேச்சுக் கிளம்பியது. நீர்மம் இடம் மாறுவதையும் பளுப்பயிற்சியால் உடலமைப்பு மாறுவதையும் சுட்டி, தம் எடை குறையவில்லை என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று. தரையிறங்கியதும் அவரைப் படுக்கை வண்டியில் கொண்டு சென்றதைக் கண்டு மீண்டும் பதற்றம். நெடுநாள் தங்கித் திரும்பும் எல்லோரையும் அப்படித்தான் கொண்டு செல்கிறார்கள். சமநிலை உணர்வும் இரத்த அழுத்தமும் ஈர்ப்புக்குப் பழகும்வரை அது பாதுகாப்பு.

பரபரப்பின் தீமை பொய் பரவுவதோடு முடிவதில்லை. உண்மையிலேயே கவலைக்குரியவை கவனிக்கப்படாமல் போகின்றன. ஆறு மாதம் தங்கித் திரும்பிய ஏழு வீரர்களில் பலருக்குப் பார்வை மாறியிருப்பதும், விழியின் பின்புறம் தட்டையாகியிருப்பதும், பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதும் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2019-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், சோதிக்கப்பட்ட 11 பேரில் ஆறு பேருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது. ஒருவருக்கு இரத்தம் உறைந்து கட்டியே இருந்தது. தரையிலிருந்த மருத்துவர்களின் யோசனைப்படி விண்வெளியிலேயே சிகிச்சை நடந்தது. செவ்வாய்க்கு மனிதரை அனுப்பப் போகிறோம் என்போர் விடை காண வேண்டிய கேள்விகள் இவை.

ஒருவர் என்பது எல்லோருமாகாது

மூன்றாம் குறை எழுதுபவரை மட்டும் சேர்ந்ததன்று, ஆராய்ச்சியையும் சேர்ந்தது. விண்வெளிக்குச் சென்றவர் இதுவரை சில நூறு பேர். அவர்களில் பெண்கள் நூறு பேரளவில்தான். எல்லோரும் நலமுள்ளவர்களாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஒவ்வொருவரும் தங்கிய நாள், உணவு, பயிற்சி, உறக்கம், பட்ட கதிர்வீச்சு எல்லாம் வேறு வேறு. ஏழு பேர், பதினொரு பேர், ஓர் இரட்டையர் என்ற எண்ணிக்கையில் வரும் முடிவுகளை அந்த எண்ணிக்கையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டுச் சோதனையையே இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். 1984 ஏப்ரல் 3 முதல் 11 வரை ராகேஷ் சர்மா விண்வெளியில் இருந்தார். இதயம் பற்றிய அளவீடுகளோடு, யோகாசனம் எடையின்மையின் தீங்குகளைக் குறைக்குமா என்ற சோதனையும் அவருடைய பணிகளில் இருந்தது. கேள்வி நல்ல கேள்வி; நம் மரபிலிருந்து எழுந்த கேள்வி. ஆனால் சோதனைக்கு உட்பட்டவர் ஒருவர். காலம் எட்டு நாள். எலும்பிழப்பைத் தெளிவாகக் காண எட்டு நாள் போதாது. தவிரவும், ஆசனங்கள் பலவற்றின் பயன், உடலின் பாரத்தைக் கையோ காலோ முதுகோ தாங்குவதிலிருந்து வருவது. பாரமே இல்லாத இடத்தில் அதே ஆசனம் அதே பயனைத் தரும் என்று முன்கூட்டியே கொள்ள முடியாது. ஆகவே "யோகத்தால் எடையின்மையை வென்றார்" என்று இன்றும் மேடையில் முழங்குவது, அந்த வீரருக்கும் நியாயமன்று, யோகத்திற்கும் நியாயமன்று. வென்றது என்றோ தோற்றது என்றோ சொல்லுமளவுக்கு அச்சோதனை பெரிதாக அமையவில்லை.

அந்த நாட்களில் அதே சல்யூட்-7-ல் ஓலெக் அத்கோவ் என்னும் இதய மருத்துவர் இருந்தார். 1984 பிப்ரவரியில் ஏறி, அக்டோபரில் இறங்கும்வரை 237 நாள் தம் இதயத்தையும் உடனிருந்தோர் இதயத்தையும் ஆராய்ந்தார். பிரதமர் இந்திரா காந்தியின் கேள்விக்கு நம் வீரர் சொன்ன விடை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அத்கோவின் பெயரை அறிந்த தமிழ் வாசகர் எத்தனை பேர் இருப்பர்?

2025-ல் சுக்லா எடுத்துச் சென்ற சோதனைகளில் ஒன்று இக்குறையை ஓரளவு நீக்குவது. பெங்களூரிலுள்ள இன்ஸ்டெம் என்னும் தண்டு உயிரணு ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அச்சோதனையில், வளர்ப்பு ஊடகத்தில் இட்ட தசை உயிரணுக்கள் எடையின்மையில் எப்படி வளர்கின்றன, சில சத்துப்பொருள்கள் அவ்வளர்ச்சிக்குத் துணை செய்யுமா என்று பார்த்தார்கள். உயிரணுக்களை ஒரே வகையாகப் பல பாத்திரங்களில் வைக்கலாம். தரையிலும் அதே போல வைத்து ஒப்பிடலாம். ஆனால் பாத்திரத்து உயிரணு நடக்கும் கால் ஆகாது. அதில் கண்டதைக் கொண்டு தசைநலிவுக்கு மருந்து வந்துவிட்டது என்று யாரும் எழுதாதிருக்க வேண்டும்.

கட்டிலில் ஓர் ஆய்வுக்கூடம்

வீரர்கள் சிலரே என்பதால் விஞ்ஞானிகள் தரையிலேயே ஒரு வழி கண்டார்கள். நலமுள்ள மனிதரைத் தலைப்பக்கம் ஆறு பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது. உண்பதும் குளிப்பதும் படுத்தபடியே. நீர்மம் தலைக்கு ஏறுகிறது. எலும்பும் தசையும் இதயமும் தளர்கின்றன. சோவியத் நாட்டில் 1986-87-ல் 370 நாள் வரை இச்சோதனை நடந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் அண்மை ஆண்டுகளில் 60 நாள் சோதனைகள் நடந்துள்ளன. இது எடையின்மைக்கு முழு நகலன்று: படுத்தவருக்கும் ஈர்ப்பு உண்டு, கட்டில் தாங்குகிறது, காதிலுள்ள சமநிலை உறுப்பும் வழக்கம்போல் வேலை செய்கிறது. ஆனால் எலும்புக்கும் காலுக்கும் இதயத்துக்கும் நேர்வதில் ஒற்றுமை பெரிது.

முன்பு எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. பூமியில் தன் பாரத்தைச் சுமக்காமல் கிடக்கும் உடல், கட்டிலில் கிடக்கும் உடல்தான்.

இரண்டு கணக்குகளை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். கடுமையாக உழைக்கும்போது பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் நூற்றுக்கு 25-க்குமேல் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதான அதே ஐவரையும் மீண்டும் சோதித்தார்கள். முப்பதாண்டு மூப்பு அத்திறனில் பறித்ததைவிட, அன்று மூன்று வாரக் கட்டில் பறித்தது அதிகம் என்று தெரிந்தது. மற்றொன்று 2007-ல் வெளியானது: நோயற்ற மூத்தவர்கள் பன்னிருவரைப் பத்து நாள் படுக்க வைத்தபோது, கால்களின் தசைப்பொருளில் ஏறத்தாழ ஒரு கிலோ சராசரியாகக் குறைந்தது. ஐவர், பன்னிருவர் என்பன சிறிய எண்கள் என்பதை இங்கும் மறைக்க வேண்டாம். ஆனால் சுற்றுக்கலமும் கட்டிலும் பல நாடுகளில், பல காலங்களில், ஒரே பக்கத்தையே காட்டுகின்றன.

இது விண்வெளி ஆராய்ச்சி மட்டுமே கண்டுபிடித்த உண்மை என்று சொன்னால் அதுவும் மிகையாகும். எந்த மனிதரும் விண்வெளிக்குப் போகாத 1947-லேயே ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் படுக்கையின் தீங்குகளைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தார். விண்வெளி ஆராய்ச்சி வேறொன்றைச் செய்தது. நோயாளி தளர்ந்தால் நோயினால் தளர்ந்தாரா படுக்கையினால் தளர்ந்தாரா என்று பிரித்தறிவது கடினம். நோயே இல்லாத, நல்ல திடகாத்திரமான உடலும் சுமை நீங்கினால் தளர்கிறது என்று அளந்து காட்டியது அது. எவ்வளவு பயிற்சி எவ்வளவு காக்கும் என்பதையும் அளந்தது.

வீட்டுக்கு வர வேண்டிய செய்தி

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டி அறுவை முடிந்து வீட்டுக்கு வருகிறார். "நீங்க எந்திரிக்க வேண்டாம் பாட்டி, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று மருமகளும் பேரப்பிள்ளைகளும் அன்போடு படுக்க வைக்கிறார்கள். சோறு கட்டிலுக்கே வருகிறது. காய்ச்சலில் பத்து நாள் கிடந்து தேறிய தாத்தாவுக்கும் இதே உபசாரம். ஒரு மாதம் கழித்து எழுந்து நிற்கப் பார்த்தால் கால் நடுங்குகிறது, தலை சுற்றுகிறது. "வயசாயிருச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயது ஒரு காரணம். கட்டில் மற்றொரு காரணம். முன்னதை மாற்ற முடியாது. பின்னதை மாற்றலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்க்குத் தெரியும்: நிலையில் நிற்கும் தேரை முதலில் அசைப்பதுதான் கடினம். நெடுநாள் படுத்தவரை எழுப்புவதும் அப்படியே. ஆகவேதான் இன்று எலும்பு மருத்துவர்கள் கூடுமானவரை விரைவில் அறுவை செய்து, மறுநாளே துணை கொடுத்து எழுப்பி உட்காரவும் நிற்கவும் வைக்க முயல்கிறார்கள். அசையக்கூடாத நிலைகளும் உண்டு. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் "எப்போது உட்காரலாம், எப்போது நிற்கலாம், படுத்தபடியே எந்தப் பயிற்சி செய்யலாம்?" என்று மருத்துவரிடம் கேட்பது வீட்டாரின் உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்குச் சொல்லித் தருவது நம் அறிவியல் எழுத்தின் கடமை. நான்காம் குறை என்று சொன்னது இக்கடமையை நாம் செய்யாததைத்தான்.

இனிச் செய்ய வேண்டியது

ககன்யான் திட்டத்திற்கு 2024 பிப்ரவரி 27-ல் அறிவிக்கப்பட்ட நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2035-க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்கவும் திட்டம் உள்ளது. அதில் தமிழர் ஒருவர் மிதக்கும் படம் வெளிவரும் நாளில் நாம் மகிழ்வோம்; அது இயல்பு. அதோடு நில்லாமல், அவர்கள் உடலில் என்ன அளந்தார்கள், எத்தனை பேரில் அளந்தார்கள், போகுமுன் அளந்ததா, திரும்பிப் பல மாதம் கழித்தும் அளந்ததா, தரையில் யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். யோகச் சோதனையை மீண்டும் செய்வதானால், தரையில் பலரைக் கட்டிலில் வைத்து, பாதிப்பேர் யோகம் செய்ய, பாதிப்பேர் வழக்கமான பயிற்சி செய்ய, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு மேலே கொண்டு போகட்டும். விடை எதுவானாலும் அது நமக்கு லாபமே.

அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்காட்சி மேசையில் மிதக்கும் வீரரின் படம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஓடுபொறியில் தன்னைக் கட்டிக்கொண்டு வியர்க்க ஓடும் வீரரின் படத்தையும், கைத்தடி ஊன்றிப் பேத்தியின் தோளைப் பிடித்து முதலடி வைக்கும் பாட்டியின் படத்தையும் வரைந்து மாட்டச் சொல்லுங்கள். மூன்றும் ஏன் ஒரே மேசையில் இருக்கின்றன என்று பார்க்க வருபவர் கேட்பார். அதற்கு விடை சொல்லத் தெரிந்த மாணவன் எடையின்மையைச் சரியாகப் படித்திருக்கிறான் என்று கொள்ளலாம்.